பாசியில் எரிபொருள் தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு

கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் நான்கைந்து பிள்ளைகளாவது என்னைத் தேடி வருகிறார்கள். முதுகலை முடித்தவர்கள், ஆய்வில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அப்பாவின் நிலத்தில் தொட்டி கட்டித் தொழில் தொடங்க நினைப்பவர்கள். எல்லோருக்கும் ஒரே கனவு: குளத்துப் பாசியிலிருந்து டீசல். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வந்ததில்லை. ஒரு சொட்டுக் குளத்து நீரை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை உயிர்மேல் ஆசை வராமல் இருக்காது. ஆனால் இந்தத் துறையில் பலமுறை எழுதப்பட்டும் படிக்கப்படாமல் போன செய்திகள் நிறைய உண்டு. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாசித் தொட்டிகளின் ஓரத்தில் கழித்தவன் என்ற உரிமையில் அவற்றை எண்ணிட்டுத் தருகிறேன். நான்காவதையும் பத்தாவதையும் மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1. எண்ணெய் விழுக்காட்டைக் கேட்டு மயங்காதீர்கள்.

"எங்கள் பாசியில் 60 விழுக்காடு எண்ணெய்" என்று யாராவது சொன்னால், "ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வளர்ந்தது?" என்று உடனே கேளுங்கள். பாசியின் உடலில் எண்ணெயைக் கூட்ட மிக எளிய வழி, நைட்ரஜன் உரத்தை நிறுத்திவிடுவது. நைட்ரஜன் இல்லாமல் புரதம் கட்ட முடியாது. புரதம் இல்லாமல் செல் இரண்டாகப் பிரிய முடியாது. ஆனால் வெயில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, கார்பன் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. வந்ததையெல்லாம் பாசி கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்த குடும்பம் இருக்கிற நெல்லைக் குதிரில் போட்டுப் பூட்டுவதைப் போன்றது இது. குதிர் நிறைந்திருக்கும், வயலில் நடவு நின்றிருக்கும்.

விழுக்காடு 20-லிருந்து 50-க்கு ஏறும்போது அறுவடையின் மொத்த எடை சரிந்துவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் எண்ணெய் பெரும்பாலும் கூடியிருக்காது. போட்ரியோகாக்கஸ் என்ற பாசியும் இப்படித்தான். தன் எடையில் பெரும்பங்கை ஹைட்ரோகார்பனாகவே வைத்திருக்கும். கச்சா எண்ணெய்க்கு அதைவிட நெருக்கமான உயிர் கிடையாது. ஆனால் குளோரெல்லா போன்ற பாசி ஒரு நாளுக்குள் இரட்டிப்பாகும் இடத்தில் இது பல நாள் எடுத்துக்கொள்ளும். ஆய்வேட்டில் எந்த எண்ணை எழுதினாலும் பரப்பும் காலமும் சேர்ந்தே வரவேண்டும்.

2. புகழ்பெற்ற அட்டவணையைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகப் பேராசிரியர் யூசுஃப் சிஸ்டி 2007இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் ஓராண்டில் சோயா 446 லிட்டர் எண்ணெய் தரும், தென்னை 2,689, எண்ணெய்ப் பனை 5,950 என்று வரிசை போகும். அதன் கடைசியில், 30 விழுக்காடு எண்ணெய் உள்ள நுண்பாசி 58,700 லிட்டர் என்றும், 70 விழுக்காடு உள்ளது 1,36,900 லிட்டர் என்றும் இருக்கும். உலகம் முழுவதும் முதலீட்டாளர்களின் முன்னால் காட்டப்பட்ட அட்டவணை இது.

ஒரு மாலை உட்கார்ந்து அதைத் திருப்பிக் கணக்கிடுங்கள். 58,700 லிட்டர் என்றால் ஏறத்தாழ 54 டன் எண்ணெய். அது 30 விழுக்காடு என்றால் பாசியின் மொத்த எடை 180 டன். ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர், ஆண்டுக்கு 365 நாள் என்று வகுத்தால், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வருகிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் ஊரில் அமெரிக்க அரசு 1,000 சதுர மீட்டர் திறந்த குளங்கள் வெட்டிப் பாசி வளர்த்துப் பார்த்தது. அங்கே 50 கிராம் விளைந்த நாள்கள் உண்டு. அவை சில தனி நாள்கள். பாலைவனத்து இரவுக் குளிரையும் பனிக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 10 கிராம் அளவிலேயே நின்றது. ஆண்டின் மிகச் சிறந்த நாளை 365 முறை திரும்ப நடத்தினால்தான் அந்த அட்டவணை மெய்யாகும்.

நம் ஊரில் குளிர் இல்லை என்பீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கின்றனவே! வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடும், குளம் நீர்த்துப்போகும், கரை வழிந்து வளர்ப்பு வெளியே ஓடும். பங்குனி வெயிலில் எடுத்த அளவை 12 மாதத்துக்கும் பெருக்கிக் காட்டும் ஆய்வேட்டில் நான் கையெழுத்திட மாட்டேன்.

3. பாசி எதைத் தின்றது என்று கேளுங்கள்.

2012இல் ஹவாய் அருகே நடந்த கடற்படைப் பயிற்சியில் அமெரிக்கக் கப்பல்களும் விமானங்களும் பாதிக்குப் பாதி உயிரி எரிபொருள் கலந்து ஓடின. வாங்கிய 4,50,000 கேலன் உயிரி எரிபொருளுக்கு விலை சுமார் 120 லட்சம் டாலர், அதாவது கேலனுக்கு 26 டாலருக்கு மேல். அதில் ஒரு பங்கு சமையலறையில் பயன்படுத்தித் தீர்ந்த எண்ணெயிலிருந்தும் இன்னொரு பங்கு பாசியிலிருந்தும் வந்தது. அந்தப் பாசியைத் தந்த சோலசைம் நிறுவனம் அதை வெயிலில் வளர்க்கவில்லை. மூடிய எஃகுக் கலன்களில், இருட்டில், சர்க்கரை ஊட்டி வளர்த்தது. அப்படி வளர்த்தால் பாசி வேகமாகக் கொழுக்கும், அறுவடையும் எளிது. ஆனால் அங்கே சூரியனைப் பிடித்தது சர்க்கரை தந்த பயிர். அந்தப் பயிருக்கு நிலமும் நீரும் உரமும் போயிருக்கின்றன. "விளைநிலம் வேண்டாம்" என்ற பாசியின் பெரிய வாக்குறுதி அந்த வழியில் கைவிட்டுப் போகிறது. நிறுவனம் பின்னாளில் டெர்ராவியா என்று பெயர் மாற்றி உணவுப் பொருள்களுக்குத் திரும்பி, 2017இல் திவாலானது.

4. தண்ணீரைத் தூக்கும் செலவைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

வளர்ப்பது எளிது. எடுப்பதுதான் கடினம். இந்தத் துறையில் தோற்றவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தோற்றார்கள்.

துடுப்புச் சக்கரம் சுற்றும் ஓட்டக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நீர் கரும்பச்சையாக, கை விட்டால் விரல் தெரியாத அளவுக்கு அடர்ந்திருக்கும். அந்த ஒரு லிட்டரில் காய்ந்த எடையாக எவ்வளவு பாசி இருக்கும் என்று கேட்டால் புதியவர்கள் 20 கிராம், 30 கிராம் என்பார்கள். உண்மையில் அரை கிராம். மேலே ஒளி விழ, கீழே நிழல் விழ, அதற்குமேல் அடர்ந்தால் பாசி தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும்.

நல்ல பராமரிப்பில் சதுர மீட்டருக்கு 20 கிராம் விளைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் நாளைக்கு 200 கிலோ. அரை கிராமுக்கு ஒரு லிட்டர் என்றால், அந்த 200 கிலோவை எடுக்கத் தினமும் 4,00,000 லிட்டர் நீரைக் கையாள வேண்டும். எண்ணெய் 25 விழுக்காடு என்றால் கிடைப்பது 50 கிலோ. நாலு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு 50 கிலோ எண்ணெய்! அந்தச் செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அடர்த்தி நீரின் அடர்த்திக்கு வெகு அருகில். மேலே உள்ள மின்சுமையால் செல்கள் வேறு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். தானாகப் படியாது, துணியில் வடியாது. நேராக மையவிலக்கு எந்திரத்தில் விட்டால் மின்கட்டணமே எண்ணெய் விலையை விழுங்கிவிடும். அதனால்தான் முதலில் படியவைத்து, பிறகு சவ்வில் வடித்து, கடைசிக் குழம்பை மட்டும் மையவிலக்கில் இடும் படிமுறைகளை வகுத்திருக்கிறார்கள். படிகாரம் போட்டுத் திரட்டலாம்தான். ஆனால் அலுமினியம் கலந்த பிண்ணாக்கை மாட்டுக்கும் கொடுக்க முடியாது, வயலுக்கும் போட முடியாது.

ஆவியாதல் தனிக் கணக்கு. நம் கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவது சாதாரணம். ஒரு ஹெக்டேருக்கு அது 50,000 லிட்டர். அன்றைய எண்ணெயோடு வைத்துப் பார்த்தால், ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 900 லிட்டர் நீர் காற்றில் போகிறது. கடல்நீரில் வளர்க்கலாமே என்பீர்கள். வளர்க்கலாம். ஆனால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குளம் நாளுக்கு நாள் கரித்துக்கொண்டே போகும். நன்னீரை ஊற்றித் தணிக்க வேண்டும், அல்லது உப்பேறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுக் கடல்நீர் ஏற்ற வேண்டும். கொட்டும் இடம் யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குழாய்களில் மூடி வளர்த்தால் ஆவியாதல் குறையும், அடர்த்தியும் கூடும். ஆனால் குழாய்க்குள் ஆக்சிஜன் தேங்கிப் பாசியையே வாட்டும். சித்திரை வெயிலில் உள்ளே வெப்பம் ஏறும், குளிர்விக்க வெளியே நீர் தெளிக்க வேண்டும். அந்த முதலீட்டைப் பாசியிலிருந்து எடுக்கும் நிறமிகளின் விலை தாங்கும், டீசல் விலை தாங்காது.

5. உலர்த்த வேண்டியிருந்தால் எண்ணெயை மறந்துவிடுங்கள்.

மையவிலக்கிலிருந்து வரும் குழம்பில் ஐந்தில் ஒரு பங்குதான் பாசி. ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு 4 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு 10 மெகாஜூலுக்குமேல் வெப்பம் போகும். அந்த ஒரு கிலோவிலிருந்து வரும் கால் கிலோ எண்ணெயை எரித்தால் கிடைப்பது 9 மெகாஜூல் அளவு. காயவைத்த செலவே வரவைத் தாண்டிவிட்டது! வெயிலில் காயவைக்கலாம் என்றால் ஊரளவு களம் வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. இன்று நம்பிக்கை தரும் வழி, ஈரக் குழம்பையே 300 பாகை செல்சியசுக்குமேல் கடும் அழுத்தத்தில் சமைத்துக் கச்சா எண்ணெய் போன்ற ஒன்றாக மாற்றுவது. அதில் கொழுப்பு மட்டுமல்லாமல் புரதமும் மாவுப்பொருளும் சேர்ந்தே எண்ணெயாகின்றன. ஆகவே கொழுத்த பாசியைத் தேடி அலைய வேண்டியதில்லை, வேகமாக வளர்வது போதும். வரும் எண்ணெயில் நைட்ரஜன் மிகுதியாகத் தங்குவதால் சுத்திகரிப்பில் ஹைட்ரஜன் நிறையச் செலவாகும் என்பது அதன் குறை. உங்களில் வேதிப் பொறியியல் படித்தவர்களுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

6. 1998ஆம் ஆண்டு அறிக்கையைப் படிக்காமல் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க எரிசக்தித் துறை 1978இல் 'நீர்வாழ் இனங்கள் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கி 1996 வரை நடத்தியது. செலவு சுமார் 2.5 கோடி டாலர். 3,000 பாசி வகைகளைத் திரட்டினார்கள். நைட்ரஜன் பட்டினி, டயாட்டம்களுக்கு சிலிக்கான் பட்டினி, மரபணு மாற்றம், திறந்த குளம் என எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். ஜான் ஷீஹனும் மூவரும் சேர்ந்து எழுதிய முடிவறிக்கை 1998இல் வெளிவந்தது. உயிரியல் எவ்வளவு கைகொடுத்தாலும் பாசி டீசலின் விலை அன்றைய பெட்ரோலிய டீசலைப்போல் இருமடங்காகவே இருக்கும் என்று அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 15 டாலருக்கும் கீழே கிடந்தது. திட்டத்தை அதற்கு முன்பே மூடியிருந்தார்கள்.

2008இல் விலை 147 டாலரைத் தொட்டபோது புதிய கூட்டம் வந்தது. எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனம் 2009இல் மரபணு ஆய்வாளர் கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்தது. அவர்கள் செய்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். நானோகுளோராப்சிஸ் பாசியில் ஒரே ஒரு மரபணுக் கட்டுப்பாட்டை அளவாகத் தணித்து, வளர்ச்சி பெரிதாகக் குன்றாமலே கொழுப்பு உற்பத்தியை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். 2017இல் வந்த அந்தக் கட்டுரை அழகான அறிவியல். அடுத்த ஆண்டு, 2025க்குள் நாளைக்கு 10,000 பீப்பாய் எடுக்கும் திறன் என்ற இலக்கை வைத்தார்கள். உலகம் நாளைக்கு எரிப்பது 10 கோடி பீப்பாய், ஆகவே அந்த இலக்கே பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். 2023 தொடக்கத்தில் எக்ஸான்மொபில் பாசியிலிருந்து விலகிவிட்டது.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்த அல்ல. எந்தக் கதவுகள் ஏற்கெனவே தட்டப்பட்டன என்று தெரிந்தால்தான் தட்டாத கதவைத் தேடுவீர்கள்.

7. சூரியத் தகட்டோடு ஒப்பிட வெட்கப்படாதீர்கள்.

நம் மாநிலத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளைக்கு சுமார் 5 கிலோவாட் மணி வெயில் விழுகிறது, அதாவது 18 மெகாஜூல். 20 கிராம் பாசியில் சேர்வது அதில் 0.44 மெகாஜூல், இரண்டரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அதே இடத்தில் 20 விழுக்காடு திறனுள்ள தகடு 3.6 மெகாஜூலை மின்சாரமாகவே தந்துவிடும். எட்டு மடங்கு. அதுவும் பாசியின் பக்கத்தில் அறுவடைச் செலவைக் கழிக்காமல்.

ஆகவே காருக்கும் பேருந்துக்கும் பாசி என்ற வாதம் ஓய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். மின்கலத்தால் தூக்க முடியாத ஊர்திகள் சில உண்டு: கடல் தாண்டும் விமானம், பெருங்கப்பல். போட்ரியோகாக்கஸ் எண்ணெயிலிருந்து எடுத்த விமான எரிபொருளுக்கு 2020இல் சர்வதேசத் தரச் சான்று கிடைத்தது. பாசியின் திரவ எரிபொருளுக்கு எதிர்காலம் இருந்தால் அந்தப் பக்கத்தில்தான்.

8. புகைபோக்கியோடு பாசியைச் சேர்த்துப் பேசுமுன் பரப்பைக் கணக்கிடுங்கள்.

ஒரு கிலோ பாசி வளர 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அனல்மின் நிலையத்துப் புகையைக் கொடுத்தால் இரட்டை லாபம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் முழுத்திறனில் ஓடினால் நாளைக்கு 20,000 டன் அளவுக்கு அந்த வாயுவை விடும். நம் ஒரு ஹெக்டேர் குளம் எடுத்துக்கொள்வது 360 கிலோ. முழுவதையும் உறிஞ்ச 550 சதுர கிலோமீட்டருக்குமேல் குளம் வேண்டும். சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான். இரவில் நிலையம் ஓடும், பாசி உறங்கும். உறிஞ்சியதும் எரிபொருளாகி ஒரு மாதத்தில் மீண்டும் காற்றுக்கே போகும். அந்த வாயுவை ஒரு முறை கூடுதலாகப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லுங்கள், அது உண்மை. புதைத்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள்.

9. பாஸ்பரசைக் கடன் வாங்கியதாகவே எழுதுங்கள்.

பாசியின் காய்ந்த எடையில் சுமார் 7 விழுக்காடு நைட்ரஜன், 1 விழுக்காடு பாஸ்பரஸ். நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கலாம், அதற்கு இயற்கை எரிவாயு எரியும். பாஸ்பரசைப் பாறையிலிருந்துதான் தோண்ட வேண்டும். உலக இருப்பில் 70 விழுக்காடு அளவு மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் கிடக்கிறது. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2012இல் ஒரு கணக்கைப் போட்டது. அந்நாட்டுப் போக்குவரத்து எரிபொருளில் வெறும் 5 விழுக்காட்டை, அதாவது 3,900 கோடி லிட்டரை, அன்றைய முறைகளில் பாசியிலிருந்து எடுத்தால் 60 லட்சம் முதல் 150 லட்சம் டன் வரை நைட்ரஜனும், 10 லட்சம் முதல் 20 லட்சம் டன் வரை பாஸ்பரசும் தேவைப்படும். உரத்தைத் திரும்ப எடுக்காத எந்தப் பாசித் திட்டமும் நெல்லுக்கும் சோளத்துக்கும் போகவேண்டியதைத்தான் எடுத்துக்கொள்கிறது.

10. சாக்கடைக்குப் போங்கள்.

மேலே சொன்ன ஒவ்வொரு தடையும் ஒரே இடத்தில் தளர்கிறது. நகரத்துக் கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன, விலை கொடுக்க வேண்டாம். நீரும் இருக்கிறது, யாரும் குடிக்கக் கேட்கப்போவதில்லை. அதைச் சுத்தம் செய்ய ஊர் ஏற்கெனவே பணம் செலவழித்துக்கொண்டும் இருக்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இதைக் கண்டுகொண்டார். கழிவுநீரில் பாக்டீரியா அழுக்கைச் சிதைக்க ஆக்சிஜன் வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதித் தருவார்கள், நிலையத்தின் மின்செலவில் மிகப்பெரிய பங்கு அந்த ஊதலுக்கே போகும். பாசிக் குளத்தில் ஆக்சிஜனைப் பாசி தருகிறது. பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி எடுத்துக்கொள்கிறது. இன்று எரிபொருளுக்கென்று எல்லோரும் வரையும் அந்த நீள்வட்ட ஓட்டக் குளமே ஆஸ்வால்ட் கழிவுநீருக்காக வளர்த்தெடுத்த வடிவம். 1960இல் அவரும் கொலூக் என்பவரும் அந்தப் பாசியை அழுகவைத்து மீத்தேன் எடுத்து மின்சாரம் செய்யலாம் என்று எழுதினார்கள்.

மீத்தேன் என்றால் உலர்த்தல் இல்லை, எண்ணெய் பிழிதல் இல்லை, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் இல்லை. பாசியை முழுசாகச் சாண எரிவாயுக் கலன் போன்றதில் விடலாம். மிச்சக் கரைசலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படியே நிற்கும், வயலுக்குப் போகும். ஸ்பெயினின் தெற்கே சிக்லானா என்ற கடலோர ஊரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இதைச் செய்து, ஊர்க் கழிவுநீரில் வளர்ந்த பாசியின் வாயுவில் கார்களை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இங்கே ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஆலையின் அமிலக் கழிவுநீரை நுண்பாசியால் சீர்செய்த பணி நடந்தது. எரிபொருள் நோக்கமே இல்லாத வேலை அது. ஆனால் நம் வெயிலில், நம் கழிவில் பாசி என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

குறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று ஊதும் நிலையம் சில மணி நேரத்தில் முடிப்பதைப் பாசிக் குளம் பல நாள் எடுத்துச் செய்யும், அதனால் இடம் மிக அதிகம் வேண்டும். நெரிசலான மாநகரத்துக்கு ஒத்துவராது, நிலம் இருக்கும் பேரூராட்சிக்கு ஒத்துவரும். பாசியின் செல்சுவர் தடித்தது, எளிதில் அழுகாது. நைட்ரஜன் மிகுதியால் கலனில் அம்மோனியா ஏறி மீத்தேன் தரும் நுண்ணுயிர்களை வாட்டும். வைக்கோல், காகிதக் கழிவு போன்ற கார்பன் மிகுந்த ஒன்றைச் சேர்த்து அழுகவைத்தால் அது சீராகும். தொழிற்சாலை நீர் கலக்கும் இடத்தில் கன உலோகம் பாசிக்குள் ஏறிவிடும், அந்த மிச்சத்தை வயலில் போடக்கூடாது.

உங்களில் யாருக்காவது வாழ்நாள் வேலை வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். நம் ஆறுகளில் கலக்கும் சாக்கடையை நிறுத்த ஒரு வழி, கூடவே கொஞ்சம் எரிவாயு. எரிபொருளை முதல் வருமானமாக வைத்தால் கணக்கு உடைகிறது. ஊரின் சுத்திகரிப்புச் செலவை முதலில் வைத்து, வாயுவை மேல்வரவாக வைத்தால் நிற்கிறது.

11. உங்கள் குளத்துக்கு எதிரிகள் வருவார்கள்.

ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவையில் அரசாண்ட பாசி, திறந்த குளத்தில் ஒரு மாதம் தாங்காது. காற்றிலும் பறவைக் காலிலும் உள்ளூர்ப் பாசி வந்து இடத்தைப் பிடிக்கும். ரொட்டிஃபர் என்ற நுண்விலங்கு நுழைந்தால் இரண்டு மூன்று நாளில் பச்சைக் குளம் பழுப்பாகும். கைட்ரிட் பூஞ்சை வந்தால் அதைவிட மோசம். உலகில் திறந்த குளத்தில் நிலைத்து வியாபாரமான பாசிகளைப் பாருங்கள்: ஸ்பைருலினா காரம் மிகுந்த நீரில் வாழும், டுனாலியெல்லா உப்பு மிகுந்த நீரில் வாழும். எதிரி நுழைய முடியாத நீரில் வாழ்வதே அவற்றின் காவல். ராஸ்வெல் குளங்களிலும் உள்ளூர்ப் பாசிகளே கடைசியில் வென்றன. அதனால் வெளிநாட்டு வளர்ப்பு வங்கியிலிருந்து பெயர்பெற்ற இனத்தை வரவழைக்குமுன், உங்கள் தொட்டிக்குப் பக்கத்து ஏரியிலிருந்து தொடங்குங்கள்.

12. துணைப்பொருளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

"நிறமியை விற்று எரிபொருளின் நட்டத்தை ஈடுகட்டுவோம்" என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஒரு பத்தி இருக்கும். சிறு பண்ணைக்கு அது நடக்கும். எரிபொருள் அளவுக்கு வளர்த்தால் அந்த நிறமி சந்தையில் குவிந்து விலை விழுந்துவிடும். சென்னை முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி ஸ்பைருலினாவைக் கிராமத்துக் குழந்தைகளின் உணவாகக் கருதி வளர்க்கக் கற்றுத்தந்தார், எரிபொருளோடு அதைக் கட்டவில்லை. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரிய ஸ்பைருலினாப் பண்ணை இயங்குகிறது. உணவே உங்கள் விருப்பம் என்றால் உணவென்றே தொடங்குங்கள்.

13. காட்டாமணக்கை மறக்காதீர்கள்.

2003இல் திட்டக்குழு அறிக்கை வந்தபின் டீசலுக்காக நாடெங்கும் காட்டாமணக்கு நடச் சொன்னார்கள். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்றார்கள். நம் மாவட்டங்களில் ஒப்பந்தம் போட்டு விவசாயிகள் நட்டார்கள். தண்ணீர் விடாத செடி காய்க்கவில்லை. தண்ணீர் விட முடிந்த நிலத்தில் அதைவிட நல்ல பயிர் இருந்தது. விதை வாங்க வருவதாகச் சொன்னவர்கள் பல ஊரில் வரவே இல்லை. வேலியோரத்தில் நின்ற அந்தச் செடிகளைப் பிடுங்கும் கூலியும் விவசாயி தலையிலேயே விழுந்ததைப் பார்த்தவன் நான். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

பாசியைப் பற்றியும் அதே சொற்களைத்தான் இப்போது கேட்கிறேன்: தரிசு போதும், உப்பு நீர் போதும், விளைநிலம் வேண்டாம். உங்கள் சொந்தத் தொட்டியில் ஒரு முழு ஆண்டு, மழைக்காலம் உட்பட, வரவும் செலவும் எழுதிக் காட்டாமல் ஒரு விவசாயியிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். "தரிசு" என்று வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் நிலத்தில் யாருடைய ஆடு மேய்கிறது, யார் விறகு பொறுக்குகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

14. வளர்ப்புகளைச் சாகவிடாதீர்கள்.

சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்காரும் அவருக்குப் பின் டி.வி. தேசிகாச்சாரியும் குளம் குளமாகப் பாசி சேகரித்துப் பெயரிட்ட மரபு நம்முடையது. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசி நூலை உலகெங்கும் இன்னும் புரட்டுகிறார்கள். டி.என்.ஏ. பார்த்து இனம் சொல்லும் காலம் இது என்றாலும் நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். குளத்தில் எதிரி நுழைந்த காலையில் உங்களுக்கு உதவுவது அதுதான்.

நீர்வாழ் இனங்கள் திட்டம் மூடப்பட்டபோது அதன் வளர்ப்புகள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. காப்பாற்றப் போதிய பணம் இல்லை. மிக நன்றாக ஆராயப்பட்ட 51 இனங்களில் பாதிக்கும் குறைவானவையே உயிரோடு மிஞ்சின. 18 ஆண்டு உழைப்பு அது. எழுதிவைத்த அறிக்கை கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து வந்தவர்கள் மறுபடி குளத்துக்குப் போனார்கள்.

ஆகவே எந்த நீரில், எந்தத் தேதியில், எந்த உப்பளவில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு குழாயிலும் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு முறையாவது புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஒரு தொகுதி உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்றை வேறு ஊரில் உள்ள ஆய்வகத்திடம் கொடுத்துவையுங்கள். கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தேசிய வளர்ப்பு மையமே இருக்கிறது. பட்டம் வாங்கி வேலைக்குப் போகிற வாரத்தில் எல்லோரும் விருந்துக்குப் போவீர்கள். அதற்கு முந்திய வாரமே அடுத்து வரும் மாணவரை அழைத்து, குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் ஒப்படைத்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள்.